நியூ ஹேவனின் ஆன் ஈட்டன்: ஒரு பியூரிட்டன் பெண்ணின் கொடிவழியைத் தேடுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஆன் ஈட்டன்?

1637ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, மறு ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் கடற்கரையில் நியூ ஹேவன் என்ற குடியேற்றத்தை நிறுவிய பியூரிட்டன் குழுவில் ஒருவர். பியூரிட்டன்கள் என்றால், இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த பழைய சடங்குகளையெல்லாம் களைந்து அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று நின்ற கிறிஸ்தவர்கள். ஆனின் கணவர் தியோஃபிலஸ் ஈட்டன் அந்தக் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். 1639 முதல் சாகும்வரை ஆண்டுதோறும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

கணவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மனைவியைப் பற்றித் தேடினால் ஒரு வரி இங்கே, அரை வரி அங்கே. அந்த வரிகளைச் சேர்த்துக் கோத்தால் வேல்ஸ், செஸ்டர், லண்டன், பாஸ்டன், நியூ ஹேவன் வழியாக நம் மதராஸ் வரைக்கும் ஒரு குடும்பம் விரிகிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், இந்த ஆனின் மகன் வயிற்றுப் பேரன். சென்னை வரலாறு படிப்பவர்கள் எலிஹுவை அறிவார்கள். அவருடைய பாட்டியை அநேகமாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேட விரும்புகிறவர்களுக்கு இவரைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பெயரில் தேடுவது?

மூன்று பெயர்களிலும் தேட வேண்டும். பிறந்த வீட்டில் ஆன் லாயிட். முதல் கணவர் வீட்டில் ஆன் யேல். இரண்டாம் கணவருக்குப் பிறகு ஆன் ஈட்டன். ஆங்கிலேய வழக்கப்படி திருமணமானதும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடும். இரண்டாம் திருமணம் செய்தவருடைய பாதை இரண்டு முறை அறுந்துபோகும். ஈட்டன் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் 1625 வாக்கில் திடீரென்று ஒரு பெண் முளைப்பார். அதற்கு முன்பு அவர் மூன்று குழந்தைகளுக்குத் தாயாகிவிட்டது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

இந்தக் குடும்பத்தின் வேர் வட வேல்ஸ். அங்கே நெடுங்காலம் குடும்பப்பெயர் என்ற ஏற்பாடே இல்லை. இன்னாரின் மகன் இன்னார் என்பதைக் குறிக்க நடுவில் 'ஆப்' என்ற சொல்லை வைப்பார்கள். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது எளிதில் புரியும். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். பிறகுதான் ஆங்கிலேயரைப் பார்த்து நிலையான பெயருக்கு மாறினார்கள். யேல் என்பது 'இயால்' என்ற நிலப்பகுதியின் பெயர். லாயிட் என்பது நரை நிறத்தைக் குறிக்கும் வேல்ஷ் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே வேல்ஸில் லாயிட் என்ற பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் உறவினர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது எத்தனையோ குடும்பங்கள் தனித்தனியாக எடுத்துக்கொண்ட பெயர்.

அவர் பேராயர் லாயிடின் மகளா, பேராயர் மார்ட்டனின் மகளா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேனே?

லாயிடின் மகள்தான். குழப்பம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது விடையைத் தெரிந்துகொள்வதைவிடப் பயனுள்ளது.

பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1702இல் வெளியான தமது நியூ இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில், ஈட்டன் இரண்டாவதாக மணந்தவர் செஸ்டர் பேராயரின் மகளான ஒரு கைம்பெண் என்று எழுதினார். எந்தப் பேராயர் என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. தாமஸ் மார்ட்டன் புகழ்பெற்ற இறையியல் அறிஞர், செஸ்டரில் பேராயராக இருந்தவர். அவராகத்தான் இருக்கும் என்று பழைய அமெரிக்க நூல்கள் சிலவற்றில் எழுதிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுத, பிழைக்குச் சான்றுகள் பெருகிக்கொண்டே போயின.

இதைச் சரிபார்க்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. செஸ்டர் பேராயர்களின் பட்டியலைப் பாருங்கள். ஜார்ஜ் லாயிட் 1605 முதல் 1615இல் இறக்கும்வரை அங்கே பேராயர். மார்ட்டன் வந்தது 1616இல். ஆனின் முதல் திருமணமோ 1612 வாக்கில், செஸ்டர் வட்டாரத்துக் குடும்பத்தோடு நடந்தது. அப்போது அங்கே பேராயர் லாயிட். இன்னும் ஒன்று: மார்ட்டன் கடைசிவரை திருமணமே செய்துகொள்ளாதவர். அவருக்கு மகள் எங்கிருந்து வருவாள்?

ஒரு கொடிவழியில் யாருக்காவது தந்தையைக் குறிப்பிட்டிருந்தால் அந்தத் தந்தையின் வாழ்க்கையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் அவர் அந்த ஊரில் இருந்தாரா? மணமானவரா? இந்த இரண்டு கேள்விகளே எத்தனையோ பொய்க் கிளைகளை உதிர்த்துவிடும்.

செஸ்டருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் வாட்டர்கேட் தெருவில் பேராயர் லாயிட் இல்லம் என்று அழைக்கப்படும் மரச்சட்டக் கட்டடத்தைப் பாருங்கள். அதன் முகப்புப் பலகைகளில் ஆதாம்-ஏவாள், காயீன்-ஆபேல் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். செஸ்டருக்கு முன்பு லாயிட், மேன் தீவை உள்ளடக்கிய மறைமாவட்டத்துக்குப் பேராயராக இருந்தார். அந்தத் தீவின் சின்னமான மூன்று கால்களும் அந்த முகப்பில் உண்டு. ஒரு குடும்பத்தின் வரலாறு சில சமயம் வீட்டு முகப்பிலேயே எழுதியிருக்கும்.

முதல் கணவர் பெயர் டேவிட் யேலா, தாமஸ் யேலா?

தாமஸ் யேல். டேவிட் என்று சொல்லும் நூல்கள் தவறானவை, ஆனால் அந்தத் தவறு இயல்பாகவே நேரக்கூடியது. ஆனின் மாமனார் டேவிட் யேல், செஸ்டர் மறைமாவட்டத்தின் சான்சலர், அதாவது திருச்சபை நீதிமன்றத்தின் தலைமை அதிகாரி. அவர் மகன் தாமஸ் ஆனின் கணவர். ஆனின் மூத்த மகன் டேவிட், இளைய மகன் தாமஸ். மூத்த மகன் டேவிட்டின் பிள்ளைகள் டேவிட், எலிஹு, தாமஸ். எலிஹுவுக்கு மதராஸில் பிறந்த மகனும் டேவிட்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

இப்படிப் பெயர் திரும்பத் திரும்ப வரும் குடும்பத்தில் பெயரை மட்டும் நம்பாமல் பெயர், ஊர், தொழில், மனைவி ஆகிய நான்கையும் ஒன்றாக எழுதி வையுங்கள். பெண்கள் பக்கமும் இதே சிக்கல். ஆனின் மகள் பெயரும் ஆன். தாய் ஆன் ஈட்டன், மகள் ஆன் ஹாப்கின்ஸ். இருவரும் ஆளுநர்களின் மனைவியர். இருவருடைய துன்பங்களும் 1645ஆம் ஆண்டில்தான் பதிவாகியுள்ளன. அதனால் இருவரையும் ஒருவராகக் கலந்துவிட்ட எழுத்துகளையும் பார்க்க நேரிடும்.

கப்பல் பயணியர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா?

அவர்கள் வந்த ஹெக்டர் கப்பலுக்குப் பயணியர் பட்டியல் கிடையாது. 1637 ஜூன் மாதம் டேவன்போர்ட் என்ற போதகரும் ஈட்டனும் ஹாப்கின்ஸும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்ததை மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரப் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நமக்குத் தெரிவது அதன் வழியாகத்தான். குறிப்பிடப்பட்டவர்கள் ஆண்கள். மனைவியரும் மூத்தாள் பிள்ளைகளும் இளையாள் பிள்ளைகளும் வயதான மாமியாரும் அந்த ஆண்களின் பெயருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்கள்.

நியூ ஹேவனில் அவரைப் பற்றி நேரடியாகப் பேசும் ஆவணம் ஏதாவது உண்டா?

உண்டு. அது அவரைக் குற்றவாளியாக நிறுத்திய ஆவணம்.

1640களின் தொடக்கத்தில் டெபோரா மூடி என்ற செல்வப் பெண்மணி, மதக் கருத்து வேறுபாட்டால் மாசசூசெட்ஸை விட்டு வெளியேறினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மறுத்து 1642இல் லண்டனில் அச்சான ஒரு நூல் அவரிடம் இருந்தது. ஆன் அதை இரவல் வாங்கிப் படித்தார். கணவரிடமும் சொல்லவில்லை, போதகரிடமும் கேட்கவில்லை. படித்து முடித்தவர், குழந்தைப் பருவத்தில் தமக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அன்று என்ற முடிவுக்கு வந்தார். அதன்பின் பிரசங்கம் முடிந்து ஞானஸ்நானமோ திருவிருந்தோ தொடங்கும் நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆளுநரின் மனைவி, ஊர் முழுவதும் பார்த்திருக்க, வழிபாட்டிலிருந்து வெளியேறுகிறார். அந்த ஊரில் வழிபாட்டுக் கூடத்தில் யார் எந்த இருக்கையில் அமர வேண்டும் என்பதைக்கூடப் பட்டியல் போட்டுப் பதிந்துவைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவர் காலி செய்த இருக்கை எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும்.

டேவன்போர்ட் அந்த நூலை வாங்கிப் படித்து, மேடையிலிருந்தே மறுப்புச் சொன்னார். ஆன் அசையவில்லை. பிறகுதான் வேறு ஒரு வாசல் திறந்தது. அவருடைய வீட்டு நடத்தை பற்றிய புகார்களைத் திரட்டி, பத்துக் கட்டளைகளில் எதையெல்லாம் மீறினார் என்று வகுத்து, பதினேழு குற்றச்சாட்டுகளாகச் சபையின் முன் வைத்தார்கள்.

அதில் ஒன்றைப் பாருங்கள். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆன் புறங்கையால் மாமியாரின் முகத்தில் இரண்டு முறை அறைந்தார். வலி மூன்று நாள் நீடித்தது என்றார் மாமியார். ஈட்டன் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருந்த நேரத்தில் ஆன், 'நான் வதைபடுகிறேன், நான் வதைபடுகிறேன்' என்று அலறினார். டேவன்போர்ட் வீடுவரை கேட்டிருக்கும் என்பது மாமியாரின் வாக்குமூலம்.

அடி வாங்கிய முதியவளின் வலி உண்மையானது. கைகள் பிடிபட்ட நிலையில் எழுந்த அந்த அலறலும் உண்மையானது. ஆன் பேசியதாக நம் காதுக்கு எட்டும் சொற்கள் மிகக் குறைவு. அவற்றில் இதுவும் ஒன்று, அதுவும் அவரை எதிர்த்தவர்கள் எழுதிவைத்ததால் எஞ்சியது. இந்த வரியை முதன்முதலில் படித்தபோது அதைத் தாண்டிப் போக எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

1644இல் சபை அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. மனம் திருந்தியதாகச் சபைக்குப் படவில்லை. 1645இல் சபை நீக்கம் செய்தார்கள். இந்த விசாரணைப் பதிவு 1894இல் நியூ ஹேவன் வரலாற்றுச் சங்கத்தின் கட்டுரைத் தொகுதியில் அச்சேறியது.

குடும்ப வரலாறு தேடுபவருக்கு இந்த விசாரணையால் என்ன பயன்?

அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது எந்தப் பிறப்புப் பதிவேட்டையும்விட இதில் தெளிவாகத் தெரிகிறது. மாமியார் கூடவே இருந்தார். ஈட்டனின் மூத்தாள் மகள் மேரி அங்கே வளர்ந்தாள். அவளை ஆன் கன்றிப்போகும்படி கிள்ளியதாகவும் குற்றச்சாட்டு. இந்த மேரி பின்னாளில் பாஸ்டன் வணிகர் வாலன்டைன் ஹில்லை மணந்தார். பணியாட்கள் சாட்சி சொன்னார்கள்.

அந்தோணி என்ற கறுப்பினத்தவரும் அந்த வீட்டில் இருந்தார். பீர் காய்ச்சும்போது அது சரியாக ஓடாததற்கு அந்தோணி வைத்த சூனியமே காரணம் என்று ஆன் பழி சுமத்தியது இன்னொரு குற்றச்சாட்டு. ஈட்டன் அடிமைகளை வைத்திருந்தார். லுக்ரீஷியா என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். ஆன் லாயிடுக்கு மூன்று குடும்பப் பெயர்களும் ஒரு பேராயர் தந்தையும் உண்டு. லுக்ரீஷியாவுக்கு ஆவணத்தில் ஒற்றைப் பெயர்தான் மிச்சம். ஈட்டன் குடும்பத்தின் மரத்தை வரைகிறவர்கள் இந்த இருவர் பெயரையும் அந்த வீட்டோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

பதினேழாம் நூற்றாண்டுப் பெண், வழக்கில் சிக்கினால் ஆவணத்தில் தெரிவார். இல்லையென்றால் பிறருடைய ஆவணத்தின் ஓரத்தில் தெரிவார். ஆகவே பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு நிற்காமல் சபைக் கண்டிப்புப் பதிவுகள், நீதிமன்றக் குறிப்புகள், கடன் வழக்குகள் ஆகியவற்றையும் பாருங்கள். ஈட்டன் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் பச்சை அறை முதலாக அறை அறையாகச் சாமான்களை எழுதியிருக்கிறார்கள். ஆன் தினமும் புழங்கிய வீடு கண்முன் வந்து நிற்கும்.

உயில்கள் உதவுமா? பெண்கள் அதிகம் உயில் எழுதவில்லையே?

அவர்கள் எழுதாவிட்டால் என்ன, அவர்களுடைய மருமகன்கள் எழுதினார்கள்.

ஆனின் மகள் ஆன் யேலை மணந்தவர் எட்வர்ட் ஹாப்கின்ஸ், அப்போது நியூ ஹேவன் சேராத தனிக் குடியேற்றமாக இருந்த கனெக்டிகட்டின் ஆளுநர். அந்த மகளுக்கு இளம் வயதிலேயே மனம் பேதலித்துவிட்டது. 1645 ஏப்ரலில் ஹாப்கின்ஸ் அவரைப் பாஸ்டனுக்கு அழைத்து வந்தபோது வின்த்ரப் நாட்குறிப்பில் ஒரு விளக்கம் எழுதினார். அந்தப் பெண் ஓயாமல் படிப்பதிலும் எழுதுவதிலும் மூழ்கியதால்தான் புத்தி கெட்டது, பெண்களுக்குரிய வீட்டு வேலையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருப்பார் என்பது அவர் தீர்ப்பு. அவர் பல நூல்கள் எழுதியதாகவும் வின்த்ரப்பே சொல்கிறார். தாய் ஒரு புத்தகம் படித்ததற்காகச் சபையை இழந்த அதே ஆண்டு இது.

ஹாப்கின்ஸ் இங்கிலாந்து திரும்பி 1657இல் லண்டனில் இறந்தார். அவருடைய உயிலில் துயருற்ற தம் மனைவியின் பராமரிப்புக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு, அவளுடைய சகோதரர் டேவிட் யேலிடம் கொடுக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். மைத்துனர் தாமஸ் யேலுக்கும், ஹானா ஈட்டனுக்கும் கொடை வைத்திருக்கிறார். இந்த ஒரே தாளில் ஆனின் இரண்டு திருமணத்துப் பிள்ளைகளும் ஒன்றுகூடிவிடுகிறார்கள். டேவிட், தாமஸ், ஆன் மூவரும் யேல் பிள்ளைகள். ஹானா, ஈட்டனுக்குப் பிறந்த மகள். ஒரு தாய் வயிற்றில் வேறு தந்தைக்குப் பிறந்த தங்கை. இவர்களை இணைத்துக் காட்ட இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. அந்தப் பரிதாபத்துக்குரிய மனைவி கணவருக்குப் பின் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து 1698இல்தான் இறந்தார்.

ஆகவே ஒரு பெண்ணைத் தேடும்போது அவருடைய தந்தை, சகோதரர், இரு கணவர்கள், மருமகன், பிள்ளையில்லாத உறவினர் ஆகிய எல்லாருடைய உயிலையும் எடுத்துப் படியுங்கள். பிள்ளையில்லாதவர்களின் உயில்தான் புதையல். சொத்தை உறவு முழுவதற்கும் பிரித்துக் கொடுப்பதால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, உறவு சொல்லி எழுதுவார்கள்.

அந்தக் கால உயில்களில் உறவுச் சொற்களை அப்படியே நம்பலாமா?

நம்பக் கூடாது. நம் மொழியில் மாமனார், சிற்றப்பா, மைத்துனர், மூத்தாள் மகன் என்று தனித்தனியே சொல் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் மாமனாரையும் மாற்றாந்தந்தையையும் வெறுமனே 'தந்தை' என்றே எழுதுவார்கள். மனைவியின் சகோதரர் 'சகோதரர்'தான். இன்று மருமகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அப்போது மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் குறித்தது. சகோதரரின் பிள்ளையைக்கூட 'கசின்' என்று எழுதுவது உண்டு. இது தெரியாமல் வரைந்த மரங்களில் மருமகன்கள் மகன்களாகி நிற்கிறார்கள். 'மிஸஸ்' என்ற அடைமொழியும் அப்படித்தான். அப்போது அது திருமணத்தைக் காட்டவில்லை, உயர்குடிப் பெண் என்பதைக் காட்டியது. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை 'குட்வைஃப்' என்று எழுதினார்கள்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் போட்டிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையான நாட்கள் பழைய ஆண்டிலேயே சேரும். ஈட்டன் இறந்த ஜனவரி மாதம் அவர்கள் கணக்கில் 1657, நம் கணக்கில் 1658. ஆகவே 1657/58 என்று இரண்டையும் எழுதுவதே முறை. மதராஸில் எலிஹுவின் குழந்தை இறந்த 1687/88 ஜனவரியும் இப்படித்தான்.

மதராஸோடு என்ன தொடர்பு? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

ஆனின் மூத்த மகன் டேவிட் யேல், உர்சுலா நைட்டை மணந்து பாஸ்டனில் குடியிருந்தார். மாசசூசெட்ஸில் சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கு உரிமைகள் மறுக்கப்படுவதை எதிர்த்து 1646இல் ராபர்ட் சைல்ட் தலைமையில் கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் டேவிட்டும் ஒருவர். தாய் ஓர் ஊரில் சபை நீக்கம் பெற்ற மறு ஆண்டே மகன் இன்னோர் ஊரில் எதிர்ப்புக் கையெழுத்துப் போடுகிறார். 1649 ஏப்ரல் 5ஆம் நாள் எலிஹு பிறந்தார். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அதன்பின் அவர் அமெரிக்காவில் கால் வைக்கவே இல்லை.

1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக மதராஸ் வந்தார். 1680 நவம்பர் 4ஆம் நாள் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தில், கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண்ணான கேத்தரினை மணந்தார். ஆலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதன் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு இது. பாட்டி ஆன், பிள்ளைகளோடு இருந்த கைம்பெண்ணாக ஒரு வணிகரை மணந்தார். பேரன், பிள்ளைகளோடு இருந்த ஒரு கைம்பெண்ணை மணந்த வணிகரானார். அவர்களுக்குப் பிறந்த மகன் டேவிட், நான்கு வயதை எட்டுவதற்குள் இறந்தான்.

அந்தக் குழந்தையையும் தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸையும் அடக்கம் செய்த கல்லறை, சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உயர்ந்த கூம்பாக நிற்கிறது. அங்கே ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இடுகாடு முழுவதும் இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டதால், பின்னர் இடுகாட்டையே அகற்றிக் கல்லறைக் கற்களைப் புனித மேரி ஆலயத்தின் முற்றத்தில் பதித்துவிட்டார்கள். இந்தக் கூம்பு தப்பியது. வழக்குரைஞர்களும் கட்சிக்காரர்களும் நாளெல்லாம் கடந்து போகும் இடம். ஆன் லாயிடின் கொள்ளுப்பேரன் அதன் அடியில் உறங்குகிறான்.

எலிஹுவின் மூன்று பெண்களுக்கும் கேத்தரின், ஆன், உர்சுலா என்று பெயர். கேத்தரின் என்பது மனைவியின் பெயர், உர்சுலா என்பது தாயின் பெயர். ஆன் என்பது அவருடைய பாட்டிக்கும் அத்தைக்கும் இருந்த பெயர்.

எலிஹு மதராஸ் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் இங்கிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். முறைகேட்டுப் புகார்களின் பேரில் 1692இல் அவர் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1718இல் நியூ ஹேவனில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கு விற்று ஏறக்குறைய 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். பாட்டியைச் சபையிலிருந்து நீக்கிய ஊர் அது.

யேல் பூட்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டா?

உண்டு. ஆனின் இளைய மகன் தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவி மேரி, கேப்டன் நத்தானியேல் டர்னரின் மகள். நியூ ஹேவனிலிருந்து 1646 ஜனவரியில் புறப்பட்டுக் கடலில் காணாமல்போன கப்பலில் இறந்தவர் அந்த டர்னர். இந்தத் தாமஸின் கிளையில் பிறந்தவர்தான் பூட்டு செய்த லினஸ் யேல். அமெரிக்காவில் உங்களுக்குத் தெரிந்த யேல் குடும்பத்தார் யாராவது எலிஹுவின் சந்ததி என்று சொன்னால் திருத்துங்கள். எலிஹுவின் கிளை இங்கிலாந்தோடு நின்றது. அமெரிக்கக் கிளை தாமஸுடையது.

மரபணுச் சோதனை செய்தால் ஆன் என் முன்னோர் என்று தெரிந்துவிடுமா?

பன்னிரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 4,096 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு துணுக்கும் வராமல் போயிருக்கலாம். தாய்வழி மரபணு மட்டும் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று அறுபடாமல் வரும். மகள் ஆன் ஹாப்கின்ஸுக்குப் பிள்ளை இல்லை. எனவே அந்தச் சோதனைக்கு ஏற்ற வழி ஹானா ஈட்டனின் வழி ஒன்றுதான். ஹானா 1659இல் லண்டனில் வில்லியம் ஜோன்ஸை மணந்து நியூ ஹேவனுக்குத் திரும்பினார். ஜோன்ஸ் பின்னர் கனெக்டிகட்டின் துணை ஆளுநரானார். உங்கள் தாயின் தாயின் தாய் என்று பெண்வழியாகவே ஏறினால் ஹானாவை அடைவீர்கள் என்று ஆவணம் சொல்கிறதா? சொன்னால் சோதியுங்கள். ஆவணம் இல்லாமல் சோதனை மட்டும் பெயர் சொல்லாது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடமிருந்து. ஒவ்வொரு படிக்கும் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஆன் ஈட்டனிலிருந்து தொடங்கி உங்களை நோக்கி வந்தால் ஆசை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அமெரிக்கப் பகுதிக்குப் பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குலவரலாற்றுச் சங்கம் இருக்கிறது. நியூ ஹேவன் குடியேற்றப் பதிவுகளின் முதல் தொகுதி 1857லேயே அச்சானது. அதன் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இங்கிலாந்து உயில்களில் பெரும்பங்கு, காண்டர்பரி பேராயர் நீதிமன்றத்துத் தொகுப்பாக லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வேல்ஸ் குடும்பங்களுக்கு அபெரிஸ்ட்வித்தில் வேல்ஸ் தேசிய நூலகம். மதராஸ் ஆங்கிலேயரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எலிஹு காலத்துக் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளைச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

ஆன் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

நியூ ஹேவனில் இல்லை. 1658இல் கணவர் இறந்ததும் மகள் ஹானாவோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே, 1659இல், அங்கே இறந்தார். இருபது ஆண்டு வாழ்ந்த நியூ ஹேவனில் ஆளுநருக்கு நினைவுக்கல் உண்டு. பேரன் எலிஹுவுக்கு வேல்ஸின் ரெக்ஸ்ஹாம் ஆலய முற்றத்தில் கல்லறை. அமெரிக்காவில் பிறந்தார், ஐரோப்பாவில் வளர்ந்தார், ஆப்பிரிக்காவில் பயணித்தார், ஆசியாவில் மணந்தார், லண்டனில் இறந்தார் என்று அதன்மேல் செய்யுளாகப் பொறித்திருக்கிறார்கள். ரெக்ஸ்ஹாமிலிருந்து செஸ்டர் ரயிலில் சிறிது நேரப் பயணம். அங்கே இறங்கி வாட்டர்கேட் தெருவுக்கு நடந்தால் ஆனின் தந்தையின் பெயர் தாங்கிய வீடு.